பராக்கு

ஜெயராஜ் கண்ணை மூடினால் ஆண்டவர் பேசுவார் என்று புதுவாயல் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு அவர் மனைவி விக்டோரியா சொல்லிவிடுவாள். பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, பெண்ணை எந்தக் குடும்பத்தில் கொடுப்பது, அத்திப்பட்டில் வேலைக்குப் போவதா கும்மிடிப்பூண்டியிலேயே இருப்பதா, எதுவானாலும் ஆட்கள் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ மனதுக்குள் சொல்வார். முடித்ததும் நெஞ்சில் அமைதி இருந்தால் “ஆவட்டும்” என்பார். படபடப்பு இருந்தால் “வேணாம்.” இவ்வளவுதான் முறை. பாதிக்குப் பாதி சரியாக வந்தது. சரியாக வந்த பாதியைத்தான் ஜனங்கள் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். யாரிடமும் ஒரு வாழைப்பழம்கூட வாங்கியதில்லை. ஆண்டவர் வழி காட்டுவார், நாம் காத்திருந்து காது கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்று சத்தியமாக நம்பினார். காத்திருக்கவும் பழகியிருந்தார். செபத்தின் நடுவே மனம் வேறு பக்கம் ஓடினால் அதற்குக் கோயிலில் பராக்கு என்று பெயர். அடுப்பில் வைத்த பால் ஞாபகத்துக்கு வந்தால் பராக்கு. தெருவில் போகிறவன் பேச்சு காதில் விழுந்தால் பராக்கு. எந்தப் பராக்கு வந்தாலும் ஒதுக்கித் தள்ளிவிட்டு ஆண்டவர் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும் என்று சின்ன வயதில் உபதேசியார் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்த ஒரு விஷயத்தில் ஜெயராஜை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வினையே அங்கேதான் வந்தது.

பதினோரு மாதமாக அவரால் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’யை முழுதாகச் சொல்ல முடியவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஒன்றும் இல்லை. சாப்பிடும்போது ஒன்றும் இல்லை. கண்ணை மூடி முதல் வார்த்தையைத் தொட்டால் போதும், எங்கிருந்தோ சத்தம் கேட்க ஆரம்பிக்கும். டொக், டொக், டொக். கொஞ்சம் நிறுத்தம். மறுபடி டொக், டொக், டொக். இரும்புக்குள் இருந்து யாரோ சுத்தியலால் தட்டுகிற சத்தம். கண்ணைத் திறந்தால் நின்றுவிடும். வீட்டில் சாயங்காலம் செபமாலை சொல்லும்போது எழுந்து போய் மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வருவார். பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்.

“இன்னாங்க, செபத்துக்கு நடுவுல சும்மா சும்மா எழுந்து போறீங்க?” என்றாள் விக்டோரியா ஒருநாள்.

“யாரோ தட்ற மாதிரி இருந்துது.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலியே.”

“உனக்குக் கேக்காது.”

அவள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரம், தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில், “எங்க ஊட்டுக்காரரு கதவ ஆண்டவரே வந்து தட்டிகினு இருக்காரு” என்று சாட்சி சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், வருகிற கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது. தலையெழுத்து! யார் எதைக் கேட்டாலும் ஜெயராஜ் “காத்திருங்க” என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அதையும் பெரிய ஞானம் என்று மெச்சிக்கொண்டு போனார்கள்.

நடந்தது போன வருஷம் தவக்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில் ஜெயராஜ் ஷிப்ட் சூப்பர்வைசர். அச்சுக்கு வேண்டிய மண்ணைக் கலக்குவதற்கு அங்கே ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி உண்டு. அதைத் தூக்கி மேடைமேல் வைத்திருந்தார்கள். மேடைக்கு இருபத்து மூன்று படி. தொட்டிக்குள் இரண்டு பெரிய தகடுகள் சுற்றும். தகட்டில் காய்ந்து ஒட்டிய மண்ணைத் தினம் ஒரு ஆள் உள்ளே இறங்கி, சுத்தியலால் தட்டிப் பெயர்க்க வேண்டும். அந்த வேலைக்கு வந்தவன் குப்புராஜ் என்ற ஒப்பந்தத் தொழிலாளி.

உள்ளே இறங்குகிறவன் முதலில் கீழே இருக்கும் சுவிட்சை அணைத்து, அதன்மேல் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னோடு கொண்டுபோக வேண்டும். ஒவ்வொருவனுக்கும் நம்பர் போட்ட சிவப்புப் பூட்டு ஒன்று, அதற்கு ஒரே ஒரு சாவி. குப்புராஜின் பூட்டு பதினேழாம் நம்பர். பூட்டு தொங்கும்வரை யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது. பூட்டியவனே வந்து திறக்க வேண்டும். அவனைக் காணவில்லை என்றால் சூப்பர்வைசர் படியேறிப் போய்த் தொட்டிக்குள் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு மேனேஜர் கையெழுத்து வாங்கி, அதற்கப்புறம்தான் பூட்டை அறுக்கலாம்.

அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறியது. இரண்டே கால் ஆகியும் பதினேழாம் பூட்டு சுவிட்சிலேயே தொங்கியது. ஒப்பந்த ஆட்கள் பூட்டை மறந்துவிட்டுப் பஸ் ஏறுவது புதிதல்ல, அந்த மாதத்திலேயே இரண்டு முறை நடந்திருந்தது. கேட்டுக்குப் போன் போட்டு ஒப்பந்த ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டதில், ஒப்பந்தக்காரர் வேன் கிளம்பிவிட்டது என்று பதில் வந்தது. உலையில் இரும்பு உருகித் தயாராக நின்றது. மேனேஜர் அரசப்பன் அந்தப் பக்கமிருந்து, “ஜெயராஜ், மண்ணு இன்னாச்சு? இரும்பு உறைஞ்சிப் போனா நீயா வந்து உடைப்ப?” என்று கத்திக்கொண்டிருந்தார். ஜெயராஜுக்கு முழங்கால் வலி. காலையிலிருந்து நான்கு தடவை அந்தப் படியை ஏறி இறங்கியிருந்தார்.

ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. சுவிட்ச் முன்னால் நின்று, வழக்கம்போல் கண்ணை மூடினார். ஆண்டவரே, அறுக்கட்டுமா வேணாமா, சொல்லுங்க. அருள் நிறைந்த மரியே வாழ்க, ஆண்டவர் உம்முடனே.

அப்போதுதான் காதில் விழுந்தது. டொக், டொக், டொக்.

வார்த்த சாமான்களைத் தட்டிச் சுத்தம் செய்யும் கொட்டகை பக்கத்திலேயே இருந்தது. அங்கே நாள் முழுக்கத் தட்டுகிற சத்தம்தான். இது மேலேயிருந்து வருகிற மாதிரி இருந்தது என்பதும் அவருக்குத் தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது. ஆனால் செபத்தின் நடுவில் ஆயிற்றே! முப்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? பராக்கு என்று ஒதுக்கித் தள்ளிவிட்டு, மிச்சத்தை ஆமென் வரை ஒரு எழுத்து பிசகாமல் சொல்லி முடித்தார். நெஞ்சில் அமைதி வந்தது. படியேற வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் அது என்று பிறகு அவருக்குப் புரிந்தது. அப்போது அதை ஆண்டவர் தந்த அமைதி என்று எடுத்துக்கொண்டார். கட்டரால் பூட்டை அறுத்து, சுவிட்சைப் போட்டார்.

அடுத்து நடந்ததை விவரிக்க வேண்டாம். குப்புராஜுக்கு முப்பத்தெட்டு வயது. அருணா என்று மனைவி, ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண்.

ஆம்புலன்ஸ் போன பிறகு அரசப்பன் ஜெயராஜைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“பூட்டு எங்க?”

“என் பாக்கெட்டுல சார்.”

“அங்கயே இருக்கட்டும். அங்க பூட்டு இருந்துதுன்னு தெரிஞ்சது நாம ரெண்டே பேருதான். சாவி அந்த ஆளோட போச்சு. நீ வாயத் தொறந்தா நீயும் உள்ள, நானும் உள்ள. புள்ளகுட்டிக்காரன், யோசிச்சிக்கோ.”

சாயங்காலத்துக்குள் பூட்டுப் பலகையில் பதினேழாம் கொக்கியில் ஒரு புதுப் பூட்டு தொங்கியது. விசாரணைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். பூட்டு போடாமல் இறங்கியதால் விபத்து என்று முடிந்தது. கூத்து அதோடு நிற்கவில்லை. தினம் காலையில் ஷிப்ட் தொடங்கும் முன் தொழிலாளிகளை வரிசையாக நிறுத்தி ஐந்து நிமிஷம் பாதுகாப்புப் பேச்சு நடக்கும். அதைப் பேச வேண்டியது சூப்பர்வைசர். “குப்புராஜ் பூட்டு போடல. ஒரு நிமிஷம் மறந்தாரு, உயிர் போச்சு. நீங்க மறக்காதீங்க” என்று ஜெயராஜ் தன் வாயாலேயே பதினோரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். முதல் வாரம் நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் பழகிவிட்டது. பழகியதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

ஆண்டவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், அதன்படி செய்துவிடலாம் என்றுதான் காத்திருந்தார். சொல்லு என்றால் சொல்லிவிடுவார், ஜெயிலுக்கும் போவார். சொல்லாதே என்றால் வாயை மூடிக்கொண்டு செத்துப்போவார். ஆனால் கேட்பதற்குக் கண்ணை மூடினால் அந்தச் சத்தம். அதைத் தாண்டி ஆண்டவர் குரலைக் கேட்க அவரால் முடியவில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முட்டிக்கால் போட்டால்கூட நிஜம் வாயில் வரவில்லை. “செபத்துல பராக்கு வருது சாமி” என்பார். பங்குச் சாமியார் ஃபாதர் ஸ்டீவன் சின்ன வயது, பொறுமை கொஞ்சம் கம்மி.

“பதினோரு மாசமா இதே பாவத்தயே கொண்டாந்துகினு இருக்கீங்களே ஜெயராஜண்ணா. வேற பாவமே பண்றதில்லையா?”

ஜெயராஜ் செபமாலை மணியை உருட்டினார்.

“சரி, வர்ற பராக்கு இன்னா? அதையாச்சும் சொல்லுங்க.”

“ஒரு சத்தம் சாமி.”

“இன்னா சத்தம்? எங்கேர்ந்து வருது? எழுந்து போய் பாத்தீங்களா?”

அந்தக் கடைசிக் கேள்விக்கு ஜெயராஜ் வெலவெலத்துப் போனார். எழுந்து போய் பார்த்தீங்களா என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை, விசாரணைக்கு வந்தவர்கள்கூட. பாவமன்னிப்பு செபத்துக்குக்கூடக் காத்திராமல் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

முதல் வெள்ளிக்கிழமைகளில் கவரைப்பேட்டைக் கோயிலில் நாள் முழுக்க நற்கருணை ஆராதனை. கோயிலை ஒட்டிய சிற்றாலயத்தில், பீடத்தின்மேல் கதிர்ப்பாத்திரத்தில் நற்கருணை அப்பத்தை, ஆண்டவரே அதில் இருக்கிறார் என்ற நம்பிக்கையில், வைத்திருப்பார்கள். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பெயர் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கும். சட்டம் ஒன்றே ஒன்றுதான். எழுந்தருளியிருக்கிற ஆண்டவரை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக்கூடாது. அடுத்த ஆள் வந்து முட்டிக்கால் போட்ட பிறகுதான் இருக்கிறவர் எழுந்திருக்கலாம். ஜெயராஜின் கம்பெனிக்கு வெள்ளிதான் வார விடுமுறை. அதனால் மதியம் மூன்றிலிருந்து நான்கு அவருக்கு. நான்கிலிருந்து ஐந்து விக்டோரியாவுக்கு.

பிப்ரவரி மாத முதல் வெள்ளியன்று மூன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே போய் உட்கார்ந்தார். முந்தின மணிக்காரர் சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பினார். தெருநாய் நுழையாமலிருக்க கிரில் கேட்டைச் சாத்திவிட்டுப் போனார். உள்ளே மெழுகுவத்தியும் மின்விசிறியும் ஜெயராஜும்தான்.

பேன்ட் பாக்கெட்டிலிருந்து அந்தச் சிவப்புப் பூட்டை எடுத்து முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு முதல் வெள்ளியும் கொண்டுவருவார். வீட்டில் அது இருந்த இடம் திரு இருதயப் படத்துக்குப் பின்னால். தினமும் விக்டோரியா அந்தப் படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றினாள், பாவம். பூட்டின் வளையத்தில் ஒரு கால் அறுந்து, இன்னொரு கால் பூட்டுக்குள்ளேயே இறுகிக் கிடந்தது.

“பதினோரு மாசம் ஆச்சு ஆண்டவரே,” என்றார் வாய்விட்டு. “இன்னும் எத்தினி மாசம் ஒக்கார வெப்பீங்க? பேசுங்க. நான் எங்கயும் எழுந்து போவல. இங்கயேதான் இருக்கேன்.”

கதிர்ப்பாத்திரம் பேசவில்லை. சென்னைப் பக்கம் போகிற ரயில் ஒன்று போனது. அது ஓய்ந்ததும் ஜெயராஜ் கண்ணை மூடினார். அருள் நிறைந்த மரியே வாழ்க.

டொக், டொக், டொக்.

வழக்கம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டார். ஆண்டவர் உம்முடனே. டொக், டொக், டொக். பெண்களுக்குள். டொக், டொக், டொக். இன்றைக்கு ரொம்பக் கிட்டத்தில் கேட்டது. முதுகுக்குப் பின்னாலேயே கேட்டது. பராக்கு, பராக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தத் தொட்டிக்குள்ளிருந்து இரண்டு கண்கள் தன் பிடரியைப் பார்ப்பதுபோல் ஒரு நடுக்கம். திரும்பிப் பார்த்தால் குப்புராஜ் நிற்பான் என்று நிஜமாகவே நம்பினார். கண்ணைத் திறந்தால் நின்றுவிடும், திறந்துவிடலாம் என்று திறந்தார்.

நிற்கவில்லை. டொக், டொக், டொக்.

ஜெயராஜுக்கு உயிரே போய்விட்டது. அப்படியே இருக்கவும் முடியாது, ஆண்டவரைத் தனியாக விட்டுவிட்டுப் போகவும் கூடாது. மணி மூன்று இருபது. அடுத்த ஆள் வர இன்னும் நாற்பது நிமிஷம். கதிர்ப்பாத்திரத்தைப் பார்த்தார். ஃபாதர் ஸ்டீவன் கேட்டது ஞாபகம் வந்தது. எழுந்து போய் பாத்தீங்களா? அன்றைக்கு மட்டும் இருபத்து மூன்று படி ஏறியிருந்தால்! இங்கே கேட்டுக்குப் பத்தடிகூட இல்லை. பூட்டை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆராதனையைப் பாதியில் விட்டு அவர் எழுந்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் முறை.

கிரில் கேட்டுக்கு வெளியே அருணா நின்றாள். கையிலிருந்த எதையோ கொண்டு கம்பியில் தட்டிக்கொண்டிருந்தாள்.

அடக்கத்தன்று பார்த்தது. பாதியாக இளைத்திருந்தாள். பக்கத்துக் கம்பெனி ஒன்றின் பெயர் போட்ட நீலக் கோட்டைப் புடவைமேல் மாட்டியிருந்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. ஊட்டாண்ட போனேன், அண்ணி நீங்க இங்கன்னாங்க. நான் உங்க கோயிலுக்குள்ள வரலாமோ கூடாதோ தெரியல, அதான் தட்டுனேன்.”

“வாம்மா. வரலாம்.” குரல் அவருக்கே கேட்கவில்லை.

“இல்ல, இங்கியே நிக்கிறேன். ஒரே ஒரு விஷயம் கேட்டுகினு போயிடுறேன். நீங்க கண்ண மூடிக் கேட்டா சாமி சொல்லும்னு எங்க லைன்ல வேல செய்ற பொம்பளைங்க எல்லாம் சொல்றாங்கோ.” அவள் உள்ளங்கையை விரித்தாள். “இது எந்தப் பூட்டோட சாவின்னு கேட்டுச் சொல்லுங்கண்ணா.”

சின்னச் சாவி. தலையில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. ஓட்டையில் ஒரு துண்டு அரைஞாண் கயிறு கோத்திருந்தது.

“ஆஸ்பத்திரில அவரு துணியெல்லாம் ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாங்கோ. பிரிக்க மனசு வரல. வர்ற மாசம் வருஷம் திரும்புதேன்னு நேத்துதான் பிரிச்சேன். அறுத்துப் போட்ட அரைஞாண்ல இது கட்டியிருந்துது. பீரோ, பொட்டி, சைக்கிள் எல்லாத்துலயும் போட்டுப் பாத்தேன், எதுலயும் நுழையல. எங்க நாத்தனாரு இன்னாத்தையோ சொல்லுது, வேற ஊடு எதுனா இருந்திருக்கும்னு. என் வாயால அத சொல்லவே கூசுது.”

ஜெயராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அவரு அப்படி ஆளு இல்லண்ணா. பூட்டுன பூட்ட மூணு வாட்டி இழுத்துப் பாக்குற ஆளு. தெருக்கோடி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பாப்பாரு. அன்னிக்குக் காலைலயும் அப்படித்தான். எனக்கு வேன் போயிடப் போவுது, இவரு நின்னு இழுத்துகினு இருக்காரு. எனக்கு வந்துது பாருங்க கோவம்! ‘சனியன் புடிச்ச பூட்டு, அத உட்டா உனக்கு வேற ஒண்ணும் தெரியாதா’ன்னு நடுத்தெருவுல கத்திட்டேன். ஒண்ணும் பேசாம போயிட்டாரு.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “அந்த ரோசத்துலதாண்ணா அன்னிக்குப் பூட்டே போடாம இறங்கிட்டாரு. மறதி இல்ல. நான் திட்டுன திட்டு. என் பொண்ணு பக்கத்துலதான் நின்னுது. ‘நீதான் அப்பாவ சாவடிச்ச’ன்னு பொணத்துக்கு முன்னாடி சொல்லுச்சு. அன்னிலேர்ந்து எம்மூஞ்சப் பாத்து ஒரு வார்த்த பேசறதில்ல. சோறு போட்டா துன்னும், அவ்ளோதான். அத உடுங்க, நான் பண்ணதுக்கு நான் அனுபவிக்கிறேன். இந்தச் சாவி எதோடதுன்னு மட்டும் சொல்லுங்க. கண்ண மூடிக் கேளுங்கண்ணா.”

ஜெயராஜ் கண்ணை மூடவில்லை.

பாக்கெட்டில் கையை விட்டார். பூட்டை எடுத்துக் கம்பி வழியாக அவளிடம் நீட்டினார். அவள் ஒன்றும் புரியாமல் வாங்கிக்கொண்டாள். சிவப்பு நிறத்தையும் அதன்மேல் இருந்த பதினேழையும் பார்த்தாள். அறுந்த வளையத்தைப் பார்த்தாள். பிறகு சாவியை அதில் நுழைத்துத் திருப்பினாள். ‘டொக்’ என்று ஒரு சத்தம். பதினோரு மாதமாக இறுகிக் கிடந்த வளையத் துண்டு துள்ளி எழுந்து அவள் விரலில் இடித்தது.

அவள் பூட்டைப் புரட்டி நம்பரை மறுபடி பார்த்தாள்.

“அப்ப போட்டாரா?”

“போட்டாரும்மா.”

“போட்டுட்டுத்தான் இறங்குனாரா?”

“ஆமா.”

“அப்ப இத யாரு அறுத்தது?”

“நான்.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். கத்தினாலும் தேவலை என்றிருந்தது.

“உள்ள தட்டிகினு இருந்திருப்பாரே. சுத்தில தானே வேல அவருக்கு. சத்தம் வந்திருக்குமே. உங்களுக்குக் கேக்கலியா?”

“கேட்டுது.”

“கேட்டுச்சா? கேட்டும் இன்னாண்ணா பண்ணிகினு இருந்தீங்க?”

“செபம் பண்ணிகினு இருந்தேம்மா,” என்றார் ஜெயராஜ்.

அருணா பூட்டைப் பார்த்தாள். துள்ளி நின்ற வளையத்தைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்தினாள். அழுத்திவிட்டு, பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். மறுபடி இழுத்தாள். மூன்றாம் முறை இழுக்கும்போதுதான் அவளுக்கு அழுகை வெடித்தது. “போட்டிருக்காரே, பாவி மனுசன், நான் அவ்ளோ திட்டியும் போட்டிருக்காரே!” என்று கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஜெயராஜ் கேட்டைத் திறந்து வெளியே வந்து, அவளைத் தொடவும் தைரியமில்லாமல், வெயிலில் நின்றார்.

அழுது முடித்து அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“நாலு மணிக்கு ஸ்கூல் உடுவாங்க. எம்பொண்ணுகிட்ட நீங்க சொல்லணும். நான் சொன்னா நம்பாது. போலீசு, கம்பெனியெல்லாம் அப்புறம். மொதல்ல அவ கேக்கணும்.”

“சொல்றேன்.”

“இப்பவே வரணும்.”

“வரேன்.”

செருப்பை மாட்டிக்கொள்ளும்போது விக்டோரியா குடை பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். திறந்து கிடக்கிற கேட்டையும், வெளியே நிற்கிற புருஷனையும், அழுத முகத்தோடு நிற்கிற அருணாவையும் பார்த்து அவளுக்குப் பகீரென்றது.

“இன்னாங்க இது! ஆண்டவரைத் தனியா உட்டுட்டு இங்க இன்னா பண்றீங்க?”

“நீ போய் ஒக்காரு விக்டோரியா.”

“எங்க போறீங்க? இன்னா ஆச்சு? ஆண்டவரு எதுனா சொன்னாரா?”

அருணா அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தாள். ஜெயராஜ் நொண்டிக்கொண்டே பின்னால் போனார். விக்டோரியா முதுகுக்குப் பின்னால் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட கேட்டில் அவர்கள் போய் நிற்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாவின் மூக்கு, அப்பாவின் நெற்றி. டொக், டொக், டொக் என்று ஜெயராஜின் காதுக்குள் தட்டிக்கொண்டேதான் இருந்தது. இப்போது கண் திறந்திருந்தும் அது நிற்கவில்லை. இனி நிற்காது என்றும் அவருக்குத் தோன்றியது. ஒரு நிமிஷம் கண்ணை மூடி, ஆண்டவரே எப்படி ஆரம்பிப்பது என்று கேட்கலாமா என்று பழைய ஆசை எட்டிப் பார்த்தது.

கேட்கவில்லை. அந்தப் பெண் எதிரே போய் நின்றார்.

“உங்கப்பா பூட்டு போட்டுத்தாம்மா இறங்குனாரு,” என்று ஆரம்பித்தார்.